அந்தப் புள்ளி ஒன்று எங்கிருந்து வந்தது?

புது டிஏசியை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்ததும் காதுக்கு முன்னால் கண்ணுக்குத்தான் வேலை வந்தது. முகப்பில் ஒரு சின்னத் திரை. சிடியிலிருந்து எடுத்துவைத்த எந்தப் பாட்டைப் போட்டாலும் 44.1 என்று காட்டியது. சினிமா ஓடவிட்டால் 48. நாற்பத்தெட்டு முழு எண், போகட்டும். நாற்பத்து நான்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் புள்ளி ஒன்று எதற்கு?

எண்ணின் பொருள் எளிது. சிடியில் ஒலி அலையை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதியிருக்கிறார்கள். அவற்றை மறுபடி மின் அலையாக்குவது டிஏசியின் வேலை. மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது நைக்விஸ்ட், ஷானன் பெயரால் வழங்கும் விதி. அப்படியானால் 42,000 ஏன் ஆகாது? 45,000 ஏன் ஆகாது?

தேடிப்போனதில் விடை வீடியோ டேப்பில் இருந்தது. 1970களின் இறுதியில் இவ்வளவு எண்களைக் கொள்ளக்கூடிய, கைக்கெட்டும் பதிவுக்கருவி அதுதான். ஆகவே எண்களைக் கறுப்பு வெள்ளைத் துணுக்குகளாக்கி, டிவி படம்போல வேஷம் கட்டி, யூமேட்டிக் டேப்பில் பதிந்தார்கள். சோனியின் பிசிஎம்-1600 வரிசைக் கருவிகள் செய்தது இதையே. ஒரு கோட்டில் இடது, வலது இரண்டுக்கும் தலா மூன்று அளவுகள். அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையில் நொடிக்கு 60 அரைப்படங்கள். ஒவ்வொன்றிலும் பயன்படுத்திய கோடுகள் 245. பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 அரைப்படங்கள், 294 கோடுகள். பெருக்கினால் அதே 44,100! எதிலும் ஒத்துப்போகாத இரண்டு டிவி முறைகளும் கைகுலுக்கிக்கொண்ட எண் இது. (அமெரிக்கக் கலர் டிவியில் நொடிக்கு 59.94தான், அதனால் வீட்டு உபயோகக் கருவிகள் சில 44,056-இல் ஓடின.) தொழிற்சாலைக்குப் போகும் மூலப் பதிவு இந்த டேப்களில் இருந்ததால், பிலிப்ஸும் சோனியும் 1980-இல் வகுத்த சிடி விதிமுறையிலும் அதே எண் உட்கார்ந்துகொண்டது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. 20,000 வரை பாட்டு வேண்டும். 22,050-க்கு மேல் எதுவும் வெளியே வரக்கூடாது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் செங்குத்தாக வெட்டும் ஃபில்டரைக் கட்டுவது பெரும்பாடு. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சிடிபி-101 அப்படித்தான் வெட்டியது. பிலிப்ஸிடம் இருந்ததோ டிடிஏ1540 என்ற 14 பிட் சிப். சிடிக்கு முடிவானது 16 பிட். கைவசம் இருந்ததை வைத்தே சமாளித்தார்கள். இடைப்பட்ட அளவுகளைக் கணக்கிட்டு வேகத்தை நான்கு மடங்காக்கி, 176,400-க்குக் கொண்டுபோனார்கள். இரைச்சல் காதுக்கு எட்டாத தூரத்துக்கு நகர்ந்தது, ஃபில்டரும் சாதுவானது. 14 பிட் சிப்பே 16 பிட்டுக்கு நெருங்கிய துல்லியம் தந்தது. என் பார்வையில் டிஏசி வரலாற்றில் ஆகச் சிறந்த மூளைவேலை இதுதான். இன்றைய டிஏசிகளில் பெரும்பாலானவை செய்வதும் இதன் வளர்ந்த வடிவமே.

அதனால் அட்டைப்பெட்டியில் 384, 768 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சிடிப் பாட்டில் இருப்பது 44,100தான்; எந்தச் சிப்பும் அதில் புதிதாக ஒரு வயலினைச் சேர்க்காது. என் வீட்டில் மாறியது ஒன்றே: கம்ப்யூட்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து வந்துகொண்டிருந்த இரைச்சல் போய்விட்டது. உங்களுக்கு அப்படி ஒரு இரைச்சல் இல்லையென்றால், பர்ஸைத் திறக்குமுன் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துவைத்துக் கேட்டுப் பாருங்கள்.