இரண்டு 'இல்லை'களுக்கு நடுவே ஓர் 'ஆர்'

நாடாளுமன்றம் 2013-இல் இயற்றிய நிலம் கையகப்படுத்தல் சட்டம் 2014 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில மாதங்களில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நில வழக்கு நடத்துகிற வக்கீல்களின் அறைகளில் நிற்க இடமில்லை. என்றோ அரசு எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்பட்ட நிலங்களின் சொந்தக்காரர்கள், பழுப்பேறிய காகிதங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தபடி இருந்தார்கள். அவர்களை வரவழைத்தது புதுச் சட்டத்தின் 24(2) பிரிவு.

அந்தப் பிரிவின் முதற்பகுதி ஒரே நீண்ட ஆங்கில வாக்கியம். 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கிய நடவடிக்கையில், புதுச் சட்டம் வருவதற்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கும் மேலோ முன்பு அவார்டு, அதாவது இழப்பீட்டை நிர்ணயிக்கும் உத்தரவு, போடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நிலத்தின் நேரடி சுவாதீனம் 'ஹேஸ் நாட் பீன் டேக்கன்'. 'ஆர்', இழப்பீடு 'ஹேஸ் நாட் பீன் பெய்ட்'. அப்படியானால் பழைய நடவடிக்கை காலாவதி. அரசு விரும்பினால் புதுச் சட்டப்படி முதலிலிருந்து தொடங்கிக்கொள்ளலாம். நடந்து முடிந்திருக்க வேண்டிய இரண்டு காரியங்கள், இரண்டுக்கும் தனித்தனியே ஓர் 'இல்லை', நடுவில் ஓர் 'ஆர்'. லட்சக்கணக்கான ஏக்கரின் கதி அந்த இணைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

சட்டம் வந்த அதே ஜனவரி மாதத்தில், 24-ஆம் தேதியன்று, பூனா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. இழப்பீட்டுத் தொகையை அரசுக் கருவூலத்திலேயே வைத்திருந்தால் அது கொடுத்ததாகாது; உரியவரிடம் நீட்டியிருக்க வேண்டும், அவர் வாங்காவிட்டால் நீதிமன்றத்தில் கட்டியிருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வாங்கப்படாத இழப்பீட்டை நீதிமன்றத்தில் கட்டாமல், அரசின் 'ரெவின்யூ டெபாசிட்' கணக்கில் போட்டு வைப்பது வழக்கம். ஆகவே பணம் ஒன்றை மட்டும் காட்டி ரிட் மனு போட்டாலே போதும் என்று ஆகிவிட்டது. பல மனுக்கள் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி தாக்கலாயின.

என்னிடம் வந்த பெரியவருக்குச் சென்னைக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். வீட்டு வசதித் திட்டம் ஒன்றுக்காக 1998-இல் பழைய சட்டத்தின் நான்காவது பிரிவு அறிவிக்கை, 2001-இல் அவார்டு. பணம் ரெவின்யூ டெபாசிட்டில். அவார்டு அறிவிப்போ அவருடைய அப்பா பெயருக்குப் போயிருந்தது. அப்பா இறந்தது 1996-இல். நிலத்தில் அப்போதும் நெல் நின்றது. பம்ப்செட்டுக்கு மின் இணைப்பு இருந்தது.

"வக்கீலய்யா, அவங்க எடுத்துக்கிட்டதா சொல்ற வருஷமெல்லாம் நான்தான் அதுல நடவு நட்டேன்" என்றார்.

மனுவுக்கான பிரமாணப் பத்திரத்தை எழுதும்போது என் ஜூனியர் கேட்டார். "சார், பணம் கொடுக்கலைங்கிறது போதுமே. சுவாதீனத்தைப் பற்றி எதுக்கு ஏழு பாரா? அதுல அவங்க பஞ்சநாமா இருக்குன்னு கவுண்டர் போடுவாங்க. நாமே ஏன் தகராறைக் கிளப்பணும்?"

கேள்வி நியாயமானது. சட்டம் இரண்டில் ஒன்று போதும் என்கிறபோது, சண்டை வரக்கூடிய ஒன்றை எதற்கு இழுத்துப் போடுவது? ஆனால் பிரமாணம் என்பது நடந்ததைச் சொல்வது. 'சுவாதீனம் எடுக்கப்படவில்லை அல்லது பணம் தரப்படவில்லை' என்று சத்தியம் செய்து ஒருவர் எழுதினால், இரண்டில் எது நடந்தது என்று அவருக்கே தெரியாது என்றுதான் அர்த்தமாகும். தன் நிலத்தைப் பற்றி அவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

இதற்கு மாறாக, 'இதுவோ அதுவோ' என்று எழுத இடம் கொடுக்கிற சட்டமும் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 221-ஆம் பிரிவு (இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 244) குற்றச்சாட்டை மாற்று வடிவில் வனைய அனுமதிக்கிறது. சாட்சி ஒருவர் மாஜிஸ்திரேட் முன் 'அவன் தடியால் அடித்ததைப் பார்த்தேன்' என்கிறார். செஷன்ஸ் நீதிமன்றத்தில் 'அவன் அடிக்கவே இல்லை' என்கிறார். இரண்டில் எது பொய் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், ஏதோ ஒன்று பொய் என்பது நிச்சயம். பொய்ச்சாட்சிக் குற்றத்தை அவர்மீது மாற்று வடிவில் சாட்டித் தண்டிக்கலாம் என்று அந்தப் பிரிவே உதாரணம் தருகிறது. சந்தேகம் இருக்கிற இடத்தில் அந்த வடிவம் உதவும். எங்கள் பெரியவருக்குச் சந்தேகம் ஏதுமில்லை. அதனால் ஆங்கிலப் பிரமாணத்தில் சட்டத்தின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து வைக்காமல், சுவாதீனம் ஒருநாளும் எடுக்கப்படவில்லை என்று ஒரு பகுதியும், இழப்பீடு நீட்டப்படவும் இல்லை, கொடுக்கப்படவும் இல்லை என்று இன்னொரு பகுதியும் எழுதினோம். 1414-ஆம் பசலியிலிருந்து அடங்கல் நகல்கள், கிஸ்தி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை எல்லாவற்றையும் டைப் செட்டில் சேர்த்தோம்.

2015-இல் தனி நீதிபதி மனுவை அனுமதித்தார். பணம் தரப்படாததை மட்டும் பார்த்து, பூனா தீர்ப்பைப் பின்பற்றிய சிறிய உத்தரவு அது. சுவாதீனம் பற்றிய ஏழு பாராக்களை யாரும் தொடவில்லை. ஜூனியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அரசு மேல்முறையீடு செய்தது.

அது நிலுவையில் கிடக்கும்போதே டில்லியில் காற்று திசை மாறியது. 2018 பிப்ரவரியில், இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கு ஒன்றில் மூன்று நீதிபதிகள் அமர்வு, பூனா தீர்ப்பு சட்டத்தைக் கவனிக்காமல் சொல்லப்பட்டது என்றது. இரண்டு வாரத்துக்குள் இன்னொரு மூன்று நீதிபதிகள் அமர்வு, இந்தக் கேள்வி தீரும்வரை இப்படிப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. பிறகு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போய், 2020 மார்ச் 6 அன்று விடை வந்தது: 24(2)-இல் உள்ள 'ஆர்' என்பதை 'நார்' என்றோ 'அண்ட்' என்றோ படிக்க வேண்டும்.

இதன் இலக்கணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கல்யாணத்துக்கு வந்த ஒருவர் 'சாப்பிடவோ மொய் எழுதவோ இல்லை' என்றால் இரண்டையும் செய்யவில்லை. 'சாப்பிடவில்லை, அல்லது மொய் எழுதவில்லை' என்றால் ஏதோ ஒன்றைச் செய்யவில்லை, இன்னொன்றைச் செய்திருக்கலாம். ஆங்கிலத்திலும் அதே கதைதான். ஒரே 'நாட்' இரண்டு இறந்தகால வினைகளையும் ஆண்டால் இரண்டும் நடக்கவில்லை என்று பொருள். வினைக்கு வினை 'நாட்' போட்டு நடுவில் 'ஆர்' வைத்தால் ஒன்று நடக்காததே போதும் என்று பொருள். 24(2) இரண்டாவது வடிவில் எழுதப்பட்டது. அமர்வு அதை முதல் வடிவில் படித்தது.

வெறும் இலக்கணத்தை வைத்துத் தேர்வு எழுதினால் இந்தத் தீர்ப்புக்கு மதிப்பெண் குறையும். 1928-இலேயே இங்கிலாந்து நீதிபதி ஸ்க்ரட்டன் எச்சரித்திருக்கிறார்: 'ஆர்' என்பதைச் சில சமயம் 'அண்ட்' என்று படிப்பதுண்டு, வேறு வழியில்லை என்றால் மட்டும். அரசியல் சாசன அமர்வு தன்னை அந்த நெருக்கடியில் வைத்ததற்குக் காரணம் சட்டத்தின் கட்டமைப்பு. 24(1)(b) அவார்டு போடப்பட்ட நடவடிக்கைகளைக் காப்பாற்றுகிறது. பழைய சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி சுவாதீனம் எடுத்ததும் நிலம் அரசுக்குச் சொந்தமாகிவிடுகிறது. அப்படிச் சொந்தமானதை, பணப் பட்டுவாடாவில் குறை இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பறிக்க முடியாது. பெரும்பான்மை நிலங்களுக்குப் பணம் செலுத்தப்படாவிட்டால் என்ன பரிகாரம் என்பதையும் அதே பிரிவின் காப்புரை தனியே சொல்கிறது: நடவடிக்கை தொடரும், இழப்பீடு மட்டும் புதுச் சட்டத்தின் விகிதத்தில். ஆக, ஓர் இணைப்புச் சொல்லின் பொருளை முடிவு செய்தவை அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் இருந்த பிரிவுகள்.

தடையாணை இருந்த காலத்தை ஐந்து ஆண்டிலிருந்து கழிக்க வேண்டும் என்றும் அமர்வு சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன ஸ்ரீ பாலாஜி நகர் வழக்கில் இதற்கு மாறாகச் சொன்ன 2014 தீர்ப்பு அதோடு போனது. எங்கள் பெரியவர் எந்தத் தடையாணையும் வாங்காததால் அந்த அடி எங்கள்மேல் விழவில்லை.

மேல்முறையீடு 2022-இல் விசாரணைக்கு வந்தபோது தனி நீதிபதியின் உத்தரவுக்குக் கீழே தரையே இல்லை. இனி பணம் தரப்படாததோடு சுவாதீனம் எடுக்கப்படாததையும் காட்டியாக வேண்டும். வெறுமனே அடங்கலைக் காட்டினால் போதாது. ஏனெனில், முறையான பஞ்சநாமாவோ குறிப்பாணையோ எழுதப்பட்டிருந்தால் அதுவே சுவாதீனம். அதற்குப் பிறகும் உழுகிறவர் அத்துமீறி நுழைந்தவர் என்பதும் அதே தீர்ப்பில் இருந்தது. நாங்கள் எதிர்கொள்ள வேண்டியது அரசின் கையிலிருந்த காகிதத்தை.

அந்தக் காகிதம் ஓர் அச்சிட்ட ஆங்கிலப் படிவம். நிலம் 'டேக்கன் ஓவர்', ஒரு சாய்கோடு, 'ஹேண்டட் ஓவர்'. பொருந்தாததை அடிக்கவும் என்று அடிக்குறிப்பு. எதுவும் அடிக்கப்படவில்லை. தேதி இடம் காலி. சாட்சிகளுக்கான இரண்டு வரிகளும் காலி.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் விட்டுக்கொடுக்கவில்லை. "இரண்டும் அடிக்கப்படாமல் இருக்கிறது என்றால் இரண்டும் நடந்தது என்றே கொள்ள வேண்டும். உரிமையாளரிடமிருந்து தாசில்தார் எடுத்தார், திட்டத் துறையிடம் ஒப்படைத்தார்" என்றார். சட்டத்தில் 'ஆர்' என்பதை 'அண்ட்' என்று படிக்க வைத்தவர்கள், படிவத்தின் சாய்கோட்டையும் 'அண்ட்' என்று படிக்கச் சொன்னார்கள். கெட்டிக்கார வாதம்தான்.

நான் சொன்னது இவ்வளவே. சட்டத்தின் வாக்கியம் முழுமையாக எழுதப்பட்டது. அதற்குப் பொருள் காண்பது நீதிமன்றத்தின் வேலை. இந்தப் படிவம் இன்னும் எழுதி முடிக்கப்படவே இல்லை. அச்சகம் போட்ட இரண்டு வினைச்சொற்களில் எது நடந்தது என்று கையெழுத்திட்டவர் சொல்லாதபோது, அவருக்காக நீதிமன்றம் சாட்சி சொல்ல முடியாது.

அமர்வின் மூத்த நீதிபதி அரசுத் தரப்பைப் பார்த்து, எடுத்தது எந்தத் தேதி, யாரிடமிருந்து என்று கேட்டார். அசல் கோப்பைக் கொண்டுவர அவகாசம் வாங்கினார்கள். அடுத்த வாய்தாவில் கோப்பு வந்தது. அதிலும் அதே படிவம், அதே காலி இடங்கள். பணத்துக்கும் அதே கதி. அறிவிப்பு இறந்தவர் பெயருக்குப் போயிருந்ததால், உயிரோடிருந்த வாரிசுக்கு யாரும் எதையும் நீட்டியதாகக் காட்ட முடியவில்லை. அவர் வாங்க மறுத்தார் என்று சொல்லவும் வழியில்லை.

மேல்முறையீடு தள்ளுபடியானது. தனி நீதிபதி சொன்ன காரணம் செல்லாது, ஆனால் முடிவு செல்லும் என்று அமர்வு எழுதியது: சுவாதீனமும் எடுக்கப்படவில்லை, இழப்பீடும் தரப்படவில்லை, ஆகவே நடவடிக்கை காலாவதி. அந்த ஏழு பாராக்களையும் இந்த முறை பத்தி எண்ணோடு குறிப்பிட்டிருந்தார்கள். புதிதாகக் கையகப்படுத்த அரசுக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்திருந்தார்கள். அதைப் பெரியவருக்கு மறைக்காமல் சொன்னேன். "வரட்டும், அப்ப இன்னைய விலை குடுக்கணும்ல?" என்றார்.

இன்றும் நில வழக்கோடு வருகிறவர்கள், 'சார், நாங்க பணமே வாங்கல' என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். 2014-இல் என்றால் அங்கேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கியிருப்போம். இப்போது நான் கேட்கிற முதல் கேள்வி, நிலத்தை யார் உழுகிறார்கள் என்பது. இரண்டாவது, அரசின் படிவத்தில் தேதி இருக்கிறதா என்பது. இரண்டுக்கும் காகிதத்தோடு பதில் சொல்ல முடியாதவர்களிடம், நிலம் திரும்பாது, கூடுதல் இழப்பீட்டுக்கு வழியிருந்தால் பார்க்கலாம் என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.