மீன் ஊரில் ஒரு வாழைக்காய்!

சமையல் தெரியாத பிரம்மச்சாரிகளில் இரண்டு வகை உண்டு. தனக்குத் தெரியாது என்று தெரிந்தவர்கள் முதல் வகை. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுச் சௌக்கியமாக இருப்பார்கள். 'அம்மா செய்யறதைத் தினமும் பார்த்திருக்கோமே, இது என்ன பெரிய கம்ப சூத்திரமா?' என்று கரண்டியைப் பிடிப்பவர்கள் இரண்டாம் வகை. அடியேன் இரண்டாம் வகை.

1994-ல் ஆபீஸில் என்னைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். (2001-ல்தான் அது கொல்கத்தா ஆயிற்று. நான் பட்ட பாடெல்லாம் கல்கத்தாவில் என்பதால் பழைய பெயரையே சொல்லிக்கொள்கிறேன்.) சென்ட்ரலுக்கு வழியனுப்ப திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளக் கட்டு எல்லாம் அடைத்த பையைக் கையில் கொடுத்தாள்.

"அங்க எல்லாரும் மீன்தான் சாப்பிடுவாங்களாமே ஐயா, நீ என்ன செய்வே?"

"நானே சமைச்சுக்கிடுவேன்ம்மா" என்றேன்.

அம்மா சிரித்தாள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 1,660 கிலோமீட்டர் ஓடி ஹௌரா போய்ச் சேர்கிற வரைக்கும் அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

முதல் நாள் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். "நான் வெஜிடேரியன்" என்று மூன்று பாஷையில் அடித்துச் சொன்னேன். சர்வர் தலையாட்டிவிட்டுப் பருப்பு கொண்டுவந்தார். கரண்டியை விட்டுக் கிளறினால், பருப்புக்குள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது! பாசிப்பருப்பில் மீன் தலையைப் போட்டுச் செய்வது அங்கே விருந்துச் சமையல். நான் அலறியதும் சர்வர் ஓடிவந்து, "பருப்புதானே சார்? தலையை ஒதுக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றார், ரொம்ப நல்ல மனசோடு.

ஆபீஸ் சீனியர் ஒருவர், கும்பகோணத்துக்காரர், வழி சொன்னார். "ராஷ் பிஹாரி அவென்யூவுக்குப் போயிடுப்பா. லேக் மார்க்கெட். அது நம்ம பேட்டை."

போனேன். டிராமை விட்டு இறங்கியதுமே காபிக்கொட்டை வறுக்கிற வாசனை. வாழை இலை, கறிவேப்பிலை, மல்லிப்பூ. கோமள விலாஸ் என்று தமிழ்க் காதுக்கு இதமாக ஒரு பெயர்ப் பலகை. அங்கேயே மூன்று வேளையும் சாப்பிட்டுவிடலாம்தான், என் சம்பளம் சம்மதித்தால். அது முதல் பத்து தேதிக்கு மேல் சம்மதிக்கவில்லை.

பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீட்டு மொட்டைமாடியில் ஓர் அறை கிடைத்தது. அதற்கு அங்கே 'சிலேகோட்டா' என்று பெயர். பெயர்தான் பெரிசு, அறை, நான் படுத்தால் கால் நீட்டலாம், புரண்டால் சுவர். கேஸுக்கு ரேஷன் கார்டு கேட்டார்கள். ரேஷன் கார்டுக்குக் குடும்பம் எங்கே என்றார்கள். சாதம் வடிக்கவே ஆளில்லாத எனக்குக் குடும்பம் எங்கே? ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு குக்கர், ஒரு வாணலியோடு குடித்தனம் ஆரம்பித்தேன்.

முதல் விபத்து, அரிசி. கடையில் கம்மென்று மணந்த குட்டை அரிசி ஒன்றை வாங்கினேன். கோபிந்தபோக். கோவிந்தனுக்குப் படைக்கிற அரிசி. பாயசத்துக்கும் கிச்சடிக்கும் ஆனது. எனக்கு அது தெரியுமா? குக்கரில் மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு ஐந்து விசில் வைத்தேன். திறந்து பார்த்தால் மைதா பசை! அமாவாசைக்கு வால்போஸ்டர் ஒட்டியிருக்கலாம். வாசனையான போஸ்டராக இருந்திருக்கும்.

இரண்டாவது விபத்து, ரசம். கடுகு வாங்கப் போனேன். பாஷை தெரியாமல், "தாளிக்கிறதுக்கு, தாளிக்கிறதுக்கு" என்று கையால் வெடிக்கிற மாதிரி ஜாடை காட்டினேன். கடைக்காரர் புரிந்துகொண்டு பொட்டலம் கட்டினார். பாஞ்ச் ஃபோடன்! வெந்தயம், கருஞ்சீரகம், சீரகம், சோம்பு, கடுகு ஐந்தும் கலந்தது. (சில வீடுகளில் கடுகுக்குப் பதில் ராந்துனி என்று ஒன்று.) அதை அப்படியே ரசத்தில் கொட்டினேன். ஒரு வாய் குடித்தேன். நாட்டு மருந்துக் கடையை நனைத்துப் பிழிந்த மாதிரி இருந்தது.

அம்மாவுக்கு இன்லண்ட் லெட்டர் போட்டேன். 'ரசம் வைப்பது எப்படி? உடனே எழுதவும்.' பதில் வந்தது: 'புளி எலுமிச்சங்காய் அளவு. உப்பு தேவையான மட்டும். கொதி வருமுன் இறக்கி விடவும்.' தேவையான மட்டும் என்றால் எவ்வளவு? யாருடைய தேவை? கொதி வருமுன் என்றால், வரப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எஸ்.டி.டி. பூத்தில் ராத்திரி சார்ஜ் குறைகிற நேரம் பார்த்து க்யூவில் நின்று, பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டு, அம்மாவை எழுப்பிக் கேட்டேன். "கண்ணு அளவு ஐயா" என்றாள். மீட்டர் பன்னிரண்டு ரூபாய் காட்டியது.

மூன்றாவது விபத்துதான் முக்கியம். அப்பளம் பொரிக்க எண்ணெய் இல்லை. அங்கே எண்ணெய் என்று கேட்டால் கடுகெண்ணெய்தான். வாங்கிவந்து வாணலியில் விட்டேன். மூக்கில் ஊசி குத்திய மாதிரி ஒரு காரம். 'நல்லாக் காயட்டும்' என்று ஸ்டவ்வை இன்னும் இரண்டு பம்ப் அடித்தேன். ஐந்து நிமிஷத்தில் சிலேகோட்டாவே தெரியவில்லை. ஒரே புகை! கண்ணீரும் கம்பலையுமாக வெளியே ஓடிவந்தால், மாடிப்படியில் ஒரு வாளித் தண்ணீரோடு ஒரு பாட்டி.

"ஆகூன்! ஆகூன்!"

நெருப்பு, நெருப்பு என்று அர்த்தம். வீட்டுக்காரரின் அம்மா. எழுபது வயசு இருக்கும். கரையில்லாத வெள்ளைப் புடவை, ஒட்ட வெட்டிய முடி. தண்ணீரை ஊற்றப் போனவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் பொரியாத அப்பளத்தோடு நிற்கிற என்னையும் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

அவரை எல்லோரும் 'மாஷிமா' என்பார்கள். நம்ம ஊர் பெரியம்மா, சித்தி மாதிரி. அவருடைய இந்தி மோசம், என்னுடையது படுமோசம். அதனால் நன்றாகவே பேசிக்கொண்டோம். அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: கடுகெண்ணெயை லேசாகப் புகை வருகிற வரை காய்ச்ச வேண்டும். உடனே தீயைக் குறைத்துவிட வேண்டும். அப்போதுதான் காரம் அடங்கும். நான் செய்தது முதல் பாதி மட்டும்.

நன்றிக்கடனாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைத்தேன். அதிசயமாக, சாம்பார் மாதிரியே வந்தது! சின்ன வெங்காயம் மிதக்க ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சிங்கம் மாதிரி படி இறங்கினேன். மாஷிமா மோந்து பார்த்தார்.

"பியாஜ்?"

வெங்காயம்தான் என்று பெருமையாகத் தலையாட்டினேன். கரண்டியால் கிளறினார்.

"முஷுர் டால்?"

துவரம்பருப்பு என்று நினைத்து நான் வாங்கியது மசூர் பருப்பாம். அதற்கும் தலையாட்டினேன்.

"கீ ஷொர்போனாஷ்!" என்றார். என்ன சர்வநாசம் என்று அர்த்தம். கிண்ணத்தைத் தொடாமல் தள்ளி வைத்துவிட்டார்.

பிறகு அவர் பேரன்தான் விளக்கினான். அங்கே ஆசாரமான வீட்டு விதவைகள் 'நிராமிஷ்' சாப்பாடு சாப்பிட வேண்டும். மீன், மாமிசம், முட்டை கூடாது. வெங்காயம், பூண்டு அதே கணக்கு. மசூர் பருப்பும் அதே கணக்கு! ஏகாதசியன்று அரிசியும் கிடையாது. பரம்பரை சைவன் என்று மார் தட்டிக்கொண்டிருந்த நான், சுத்த அசைவம் சமைத்து அந்த அம்மாவுக்குக் கொண்டுபோயிருக்கிறேன் சார்!

மறுநாள் மாஷிமாவே கூப்பிட்டார். அவருக்கென்று தனிச் சமையல் மூலை, தனிப் பாத்திரம், தனி அரிவாள்மணை. 'போட்டி' என்கிறார்கள், நம்ம அரிவாள்மணையேதான், கொஞ்சம் உயரம் ஜாஸ்தி. "பொஷோ" என்றார். உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தவன் மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்தேன்.

வெங்காயம், பூண்டு இல்லாமல் இத்தனை ருசி வரும் என்று அங்கேதான் கண்டேன். இஞ்சியும் பெருங்காயமும் சீரகமுமே போதும். கசகசாவை அரைத்து, உருளைக்கிழங்கும் பச்சைமிளகாயும் போட்டு ஆலு போஸ்த்தோ. (சாப்பிட்டுவிட்டு திங்கட்கிழமை ஆபீஸில் தூங்கினேன். கசகசா மேல் பழியைப் போட்டேன். "ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதுக்கா?" என்றார் சீனியர்.) கடலைப்பருப்பை அரைத்துக் கிளறி, வில்லை போட்டுப் பொரித்துக் குழம்பில் விடுகிற தோகார் டால்னா. தோகா என்றால் ஏமாற்று, ஏமாற்றுக் குழம்பு! பலா மூசுக்கு அந்த ஊரில் 'காச் பாட்டா' என்று செல்லப் பெயர். மரத்து ஆடாம். வாழைத்தண்டு, வாழைக்காய், முருங்கைக்காய், பீர்க்கங்காய் எல்லாம் உண்டு. நம்ம வீட்டுக் காய்களே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

ஒருநாள் வாழைப்பூ. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஒவ்வொரு பூவிலும் நரம்பை இழுத்து எடுத்து... பத்துப் பூ ஆவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"உங்க ஊர்ல இது உண்டா?" என்றார் மாஷிமா.

"உண்டு. அம்மா பண்ணுவாங்க."

"எவ்வளவு நேரம் ஆகும் அவங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் வாழைப்பூ வடை சாப்பிட்டிருக்கிறேன். அம்மா அதை எப்போது உட்கார்ந்து ஆய்ந்தாள் என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. 'தினமும் பார்த்திருக்கோமே' என்று கரண்டி பிடித்தவன்! பார்த்ததெல்லாம் தட்டை மட்டும்தான்.

மழைக்காலம் வந்தது. கல்கத்தாவில் மழை என்றால் இலீஷ் மீன். கீழ்வீட்டில் கடுகு அரைத்துப் போட்டு இலீஷ் கொதிக்கிறது. வாசனை என் அறை வரை ஏறுகிறது. நான் மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு இறங்கிப்போய், "எப்படி மாஷிமா சகிக்கிறீங்க? நாம ரெண்டு பேரும் ஒரு கட்சி ஆச்சே!" என்றேன்.

மாஷிமா வராந்தாவில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்படியில் இருந்த மருமகளிடம் ஏதோ குரல் கொடுத்தார். உப்பு குறைச்சல், இன்னும் கொஞ்சம் போடு என்று. மருமகள் ருசி பார்த்துவிட்டு, "ஆமாம்மா" என்றாள்.

"ருசிக்காம எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"வாசனையிலேயே தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச மீன் அது. இருபத்தொன்பது வயசுல அவர் போனார். அன்னிக்கு விட்டது." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நீ சாப்பிடாதது உன் இஷ்டம் பாபா. என்னை யாரும் கேக்கலை."

இந்த ஊரில்தான் வித்யாசாகர் போராடினார். விதவைகள் மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. அது வந்து நூற்று முப்பத்தெட்டு வருஷம் ஆகியும் இந்த அடுப்படிக்குள் நுழையவில்லை. கையில் கிடைத்த நாலு காயையும் இஞ்சியையும் வைத்து, இல்லை என்று சொன்னதையெல்லாம் ஈடுகட்டுகிற மாதிரி ஒரு சமையலை இப்படிப்பட்ட பெண்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கர்ச்சீப்பை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் மூக்கைப் பிடித்ததில்லை.

1997-ல் சென்னைக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒழுங்காக ஒரு ரசம் வைத்தேன். துவரம்பருப்பு, புளி, மிளகு, சீரகம், பெருங்காயம். பூண்டு கிடையாது. கடுகு மட்டும் தனியாக. கொதி வருமுன் இறக்கினேன். வரப்போவது எனக்கே தெரிந்தது! மாஷிமாவின் கிண்ணத்திலேயே ஊற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். குடித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார். நான் காத்துக்கொண்டு நின்றேன், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பது போல.

"பாலோ" என்றார். நன்றாயிருக்கிறது. பிறகு யோசித்துவிட்டு, "எக்டு சீனி..." என்றார். ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டிருக்கலாமாம்! அந்த ஊர்க்காரர்களை மாற்ற முடியாது.

மாஷிமா இப்போது இல்லை. பழைய லேக் மார்க்கெட் இருந்த இடத்தில் ஒரு மால் நிற்கிறது. கொல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போகிற தம்பிகளுக்குச் சில டிப்ஸ். துவரம்பருப்புக்கு 'அடஹர் டால்' என்று கேளுங்கள். சாதத்துக்கு 'ஷித்தோ சால்', அதாவது புழுங்கல் அரிசி. வெஜிடேரியன் என்று மட்டும் சொல்லாதீர்கள். 'நிராமிஷ்' என்று சொல்லுங்கள். கடுகெண்ணெய் புகைந்தால் தீயைக் குறையுங்கள். முக்கியமாக, ஊருக்குக் கிளம்புமுன் ஒருநாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் வீட்டு ரசத்தில் இன்றைக்கும் ஒரு சிட்டிகை சர்க்கரை உண்டு. எங்கம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!