கட்டு அவிழ்ந்தால் பத்து

2025 ஜனவரிக் கடைசியில், கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையைச் சொல்லும் ‘அசர்’ அறிக்கை வந்தபோது பேப்பர்கள் வழக்கம்போல் ஒரு நாள் அழுதுவிட்டு மறுநாள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டன. எனக்கு ஓர் எண் மட்டும் முள்ளாகத் தங்கிவிட்டது. இந்தியக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் கழித்தல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் 33.7 சதவீதம். மூன்று பேரில் ஒருவர். விரல்விட்டுச் செய்யும் கழித்தல் இல்லை இது. இரண்டு இலக்கத்தில், கடன் வாங்கிப் போடுவது. நாமெல்லாம் என்றோ கற்று, கற்ற விதத்தை மறந்துவிட்ட கணக்கு.

பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் தட்டுகிறது என்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். “சொன்னா விளங்காது தம்பி. ஒரு நாள் வந்து உக்காந்து பாரு” என்று சுந்தரபாண்டியத்துக்குக் கூட்டிப்போனார்.

திருவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கம் உள்ள பேரூராட்சி. மேற்கே மலை, ஊருக்குள் நெசவு. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து தறிச் சத்தம் கூடவே வருகிறது. பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். தன் பெயரையும்தான். ஈராசிரியர் பள்ளி: ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒன்று, இரண்டு, மூன்று ஒரே அறையில் இந்த டீச்சரிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம்.

புதன்கிழமை. நாங்கள் போனபோது வெண்பொங்கலும் சாம்பாரும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பரில் மதுரை சிம்மக்கல்லில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மிளகை மட்டும் பொறுக்கித் தட்டோரம் வரிசையாக வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையைக் காட்டி, “எண்ணு பாப்போம், எத்தனை?” என்றார் டீச்சர். பள்ளிக்கூடம் இன்னும் தொடங்கவில்லை, பாடம் தொடங்கிவிட்டது.

அறையைச் சுற்றிலும் இடுப்புயரத்துக்குக் கீழே கரும்பலகை. பதினைந்து, பதினெட்டு வருடங்களுக்கு முன் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடியே எழுதட்டும் என்று சுவரில் அடித்த பலகை. ஏணி, அட்டை என்று அன்று பேசியதெல்லாம் போய் இப்போது ‘எண்ணும் எழுத்தும்’. 2022 ஜூனில் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. வகுப்பைப் பார்த்து அல்ல, பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்று பார்த்து உட்கார வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் அரும்பும் உண்டு, இரண்டாம் வகுப்பில் மலரும் உண்டு. கதைக்கு ஓர் இடம், பாட்டுக்கு ஓர் இடம், பொம்மைக்கு ஓர் இடம் என்று அறைக்குள் மூலைகள் பிரித்திருந்தார்கள். அது எந்த நேரத்தில் எதற்கு என்று அண்ணன் விளக்கினார். எனக்குப் பாதிதான் ஏறியது, விட்டுவிட்டேன். என் கண் டீச்சரின் மேசையில் இருந்த பிஸ்கட் டின் மேலேயே இருந்தது.

டின்னுக்குள் தீக்குச்சி. மருந்து முக்காத வெறுங்குச்சி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டது. உதிரியும் கொஞ்சம்.

நடந்தது இதுதான். 42-இலிருந்து 17 போக எவ்வளவு என்று பலகையில் எழுதினார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மின்னல் வேகத்தில் 35 என்றான். எப்படி வந்தது என்பது பார்த்ததுமே தெரிகிறது. இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டை எடுத்துவிட்டான். பெரியதிலிருந்துதானே சின்னதை எடுக்க முடியும்? அவன் போட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது.

தப்பு என்று டீச்சர் சொல்லவில்லை. “எனக்கு 42 குடுடா சாமி” என்றார். நாலு கட்டு, இரண்டு உதிரி எடுத்துவந்து வைத்தான். “இதுல பதினேழு குச்சி எனக்கு வேணும். மொதல்ல உதிரி ஏழு குடு.” இரண்டு உதிரியைக் கொடுத்துவிட்டு நின்றான். கட்டுகளைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான்.

“போதல டீச்சர்.”

“என்ன செய்யலாம்?”

ஒன்றுமே சொல்லாமல் இருந்தார். நான் மனதுக்குள் எண்ணினேன், அரை நிமிஷத்துக்கு மேல் இருக்கும். வகுப்பில் அரை நிமிஷ மௌனம் என்பது ரொம்ப நீளம். எனக்கே வாய் நமநமத்தது. பையன் மெதுவாக ஒரு கட்டை எடுத்து ரப்பர் பேண்டை உருவினான். பத்துக் குச்சியும் தரையில் சிதறின. அதிலிருந்து ஐந்தை எண்ணிக் கொடுத்தான். பிறகு யாரும் சொல்லாமலே ஒரு முழுக்கட்டையும் நீட்டினான். மிச்சத்தைப் பார்த்தான்: இரண்டு கட்டு, ஐந்து உதிரி. பலகைக்குப் போய் 35-ஐ உள்ளங்கையால் அழித்துவிட்டு 25 எழுதினான்.

“கடன் வாங்குனேன்னு சொல்லணுமா டீச்சர்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வீட்டில் அக்கா சொல்லிக் கொடுத்திருப்பாள் போல.

“வேணாம்டா. கட்டை அவுத்தேன்னு சொல்லு, போதும்.”

மதியம் அதைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். “முன்னாடி நானும் கடன்னுதான் சார் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு வருசம் ஒரு புள்ள கேட்டுச்சு, பக்கத்து வீட்டுல வாங்குன கடனை எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்னு. கடன்னா திருப்பிக் கொடுக்கணும், வட்டி கட்டணும்னு தெரிஞ்ச புள்ளைங்க சார். அந்த வார்த்தையச் சொன்னா கணக்கை விட்டுட்டு வேற எங்கயோ போயிருதுங்க.”

நான் படித்த காலத்திலிருந்து இன்று வரை கடன் வாங்கித்தான் கழிக்கிறோம். அது கடனே அல்ல, சொந்தப் பணத்தைச் சில்லறை மாற்றுவது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

தீக்குச்சி எப்படி வந்தது என்பது தனிக்கதை. டீச்சருக்குச் சாத்தூர்ப் பக்கம். எண்பதுகளில் சிறுமி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்ட வேண்டும். கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. “எனக்குப் பத்துக்கு முன்னாடி பன்னெண்டுதான் சார் தெரியும். பன்னெண்டு டஜன் ஒரு குரோஸ். டீச்சர் பத்து பத்து நூறும்பாங்க, எனக்கு நூத்திநாப்பத்திநாலு வந்து நிக்கும்.” விடியுமுன் கம்பெனி பஸ் வந்து ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். கூட விளையாடியவர்கள் ஒவ்வொருவராக அதில் ஏறினார்கள். இவர் அம்மா மட்டும், பெட்டி ஒட்டினால் போதும், பஸ் வேண்டாம் என்று நின்றுவிட்டார். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986-இல்; அதற்கு முன்பே அந்த அம்மா ஒரு சட்டம் போட்டிருக்கிறார். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த பிறகு இடமதிப்பு நடத்தக் கை தானாகப் போனது குச்சிக்குத்தானாம்.

பாடம் சொல்லிக்கொடுப்பதை ஒரு கைத்தொழில் என்றுதான் நான் சொல்வேன். தறியில் இழை அறுந்தால் நெசவாளியின் விரல் போய் நிற்கும் இடம் போலத்தான், பிள்ளையின் கணக்கு அறுந்த இடத்தில் இவர் கை போய் நிற்கிறது. அந்தக் கைக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்? ஒரு செல்போன். வருகை ஏற்று, மதிப்பீடு ஏற்று, புத்தகம் கொடுத்ததை ஏற்று, ஏற்றியதை ஏற்றியாகிவிட்டது என்று ஏற்று. அன்று காலை சிக்னல் கிடைக்காமல் தலைமையாசிரியர் வேப்பமரத்தடிக்கும் வாசலுக்கும் நாலு தடவை நடந்தார். அந்த நேரம் நான்கும் ஐந்தும் தாமாகவே ஏதோ எழுதிக்கொண்டிருந்தன. நெசவாளிக்கும் சேலை கட்டுகிறவருக்கும் நடுவில் இடைத்தரகன் உட்கார்ந்தால் கூலி தேய்கிறது. டீச்சருக்கும் பிள்ளைக்கும் நடுவில் திரை உட்கார்ந்தால் அந்த அரை நிமிஷ மௌனம் தேய்கிறது. மேலே உட்கார்ந்து விவரம் கேட்பவர்கள், அந்த விவரத்தை வைத்து ஒரு பிள்ளைக்காவது கழித்தல் வரவைத்திருக்கிறார்களா? அண்ணன் என் கையைத் தட்டினார். “பிரசங்கத்தை வீட்டுல வச்சுக்க. அந்தம்மா சாப்பிடட்டும்.”

பிற்பகல் தமிழ். ட, ப, ம என்று எளிய வடிவத்தில் ஆரம்பித்துப் ‘படம்’, ‘பட்டம்’ என்று சொல்லுக்குப் போகும் வழி. மின்னட்டையைத் தூக்கிக் காட்டினால் அரும்புகள் கத்துகின்றன. முட்டையும் சோறும் தின்ற வெயில் நேரத்தில் இரண்டு பேர் சுவரோரம் தூங்கிவிட்டார்கள். டீச்சர் எழுப்பவில்லை. “ராத்திரி தறியில லைட் எரிஞ்சிருக்கும் சார்” என்றார்.

அந்த 35 பையன் போகும்போது என்னிடம் வந்தான். “சார், நூத்துல ஒண்ணு போனா எவ்வளவு, குச்சியில செய்யுங்க பாப்போம்” என்றான். பத்துக் கட்டையும் சேர்த்து ஒரு பெரிய ரப்பர் பேண்டில் போட்டு வைத்திருந்தான். பெரிய கட்டை அவிழ்த்து, அதில் ஒரு சின்னக் கட்டை அவிழ்த்து, ஒரு குச்சியை எடுத்தேன். இரண்டு தடவை அவிழ்க்க வேண்டும் என்பதை என் ஐம்பத்தெட்டு வயதில் கையால் செய்து பார்த்தது அன்றுதான்.

கிளம்பும்போது டீச்சர் வாசல் வரை வந்தார். “சாத்தூர், சிவகாசி பக்கம் போனீங்கன்னா மருந்து முக்காத குச்சி ஒரு பை கேட்டு வாங்கி அனுப்புங்க சார். ஜூன்ல புதுசா ஒண்ணாப்பு வரும். உள்ளதெல்லாம் முறிஞ்சு போச்சு.”

மறுவாரம் ஒரு பை அனுப்பினேன். ரப்பர் பேண்ட் வைக்க மறந்துவிட்டேன்.