எத்தனை தளம் ஏறிற்று?

‘வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார்’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். வீடு கட்டுகிறவன் படும் பாட்டை நன்கு அறிந்தே அவர்கள் அவ்வாறு சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பழமொழியில் வரும் பாடெல்லாம் வீட்டுக்காரனுடைய பாடுதான். சாரத்தின்மேல் நின்று செங்கல் அடுக்குகிறவனுக்கு அதில் இடமில்லை. இந்தக் குறை என் கண்ணில் படுவதற்கு எனக்கு 60 வயது ஆகவேண்டியிருந்தது.

மும்பையின் செம்பூர்ப் பகுதியில், 1964-இல் எழுந்த மூன்றடுக்குக் கட்டடம் ஒன்றில் எங்கள் குடும்பம் வாழ்ந்துவந்தது. மொத்தம் 24 வீடுகள். அவற்றுள் பாதி தமிழர் வீடுகள். 1961-இல் மணம் முடித்து, மதராஸ் மெயிலில் வந்து தாதரில் இறங்கிய என் தாயார், 1970-இல் அங்கே குடிபுகுந்தார். எங்களை வளர்த்து ஆளாக்கியதும், என் தந்தையாரைக் கடைசியாக வழியனுப்பியதும் அந்த வீட்டில்தான். தூண்களின் உள்ளே கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழத் தொடங்கிய பின்னர், பழையதை இடித்துப் புதியது கட்ட எல்லாரும் உடன்பட்டோம். 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டடம் இடிக்கப்பட்டது. அதே மனையில் 14 மாடி எழும். அதுவரையில் கட்டுகிறவர் தரும் வாடகைப் பணத்தைக் கொண்டு வெளியே குடியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம். அதன் பால்கனியில் நின்றால் எங்கள் மனை தெரியும். என் தாயாருக்கு அப்போது 80 வயது. காலையில் காப்பி முடிந்ததும் பால்கனிக்குப் போய்ப் பார்ப்பார். கண் மங்கியிருந்தமையால் என்னையே கேட்பார்.

“எத்தனை தளம் ஏறியிருக்குடா? நான் இருக்கிறதுக்குள்ளே முடிச்சிடுவாங்களா?”

அந்தக் கேள்வி நாள்தோறும் என் நெஞ்சைத் தைத்தது. குடியிருப்போர் சங்கத்துக்கு நானே பொருளாளர். 2022 செப்டம்பரில் கட்டுகிறவருக்குக் கடுமையான கடிதம் ஒன்றை எழுதினேன். மாதத்துக்கு இரண்டு தளம் போட்டாக வேண்டும். தவறினால் ஒப்பந்தப்படி தண்டத்தொகை கேட்போம் என்பது அதன் சாரம். எல்லாரும் பாராட்டினர். வேலையும் விரைந்தது. இரவிலும் விளக்கு எரியக் கண்டோம். நான்காம் தளம், ஐந்தாம் தளம் என்று படங்கள் வரும்போதெல்லாம் வாட்ஸப்பில் கைதட்டல்கள் குவிந்தன.

மனைக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் மேஸ்திரி ஒருவரை அவ்வப்போது சந்திப்பேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், 30 ஆண்டுகளாக மும்பையில் கட்டட வேலை செய்கிறவர். ஒருநாள் அவர், “ஐயா, இந்த வேகம் வேண்டாம்னு நீங்களாவது சொல்லக்கூடாதா?” என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவர் விடவில்லை, விளக்கிச் சொன்னார். அன்று பாதி காதில் வாங்கியதைப் பின்னர் நூல்களைப் புரட்டி முழுதும் அறிந்துகொண்டேன்.

கான்கிரீட் கொட்டியவுடன் தளம் தன்னைத் தானே தாங்கிவிடாது. அதன் வலிமையை 28-ஆம் நாளில் சோதித்து அளவிடுவதே முறை. அதுவரை அது மெல்ல மெல்லத்தான் இறுகும். ஆகையால், அடியில் கொடுத்த முட்டுகளைக் குறைந்தது எத்தனை நாள் விட்டுவைக்க வேண்டும் என்பதற்கு, 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதியில் கணக்கு உண்டு. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டாயின், தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள். அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள். உத்தரமானால், 6 மீட்டர் வரை 14 நாள். அதற்கு மேல் 21 நாள். இவ்வாறு கீழ்த்தளத்து முட்டும் பலகையும் அங்கேயே அகப்பட்டுக் கிடக்கும்போது, மேல்தளத்தை விரைந்து போடுவதானால் புதிய பலகை வாங்க வேண்டும். வாங்க மனமில்லாத ஒப்பந்தக்காரர், எங்கே பலகை கண்டாலும் எடுத்துக்கொள்வார். லிப்ட் வருவதற்காக விட்ட குழியை மூடிவைத்த பலகையும் அதில் போய்விடும்.

எங்கள் மனையில் நடந்தது அதுவே. 2022 நவம்பரில் ஒரு மாலை, ஆறாம் தளத்தில், மூடியிருந்த குழி திறந்து கிடந்தது. சுற்றிலும் தடுப்புக் கம்பி இல்லை, விளக்கும் போதவில்லை. வங்காளத்து மால்டா மாவட்டத்திலிருந்து வந்த 19 வயது இளைஞன், தோளில் கம்பிக்கட்டுடன் நடந்தவன், அதில் கால் வைத்துவிட்டான். நான்காம் தளத்தில் குழிக்குக் குறுக்கே போட்டிருந்த பலகை அவனைத் தடுத்தது. ஏறக்குறைய 20 அடி. உயிர் தப்பியது, இடுப்பும் தொடையெலும்பும் முறிந்தன.

அன்பர்களே, இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. செய்தி தொலைபேசியில் வந்தபோது நான் கேட்ட முதற்கேள்வி, “வேலை எத்தனை நாள் தடைப்படும்?” என்பதுதான். பக்கத்தில் அமர்ந்திருந்த என் தாயார் என்னவென்று விசாரித்தார். சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார்.

“ஏண்டா, அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு யார் சொன்னாங்க?” என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை.

மறுநாள் மேஸ்திரியுடன் மருத்துவமனைக்குச் சென்றேன். அந்தப் பையன் என்னை ஒப்பந்தக்காரரின் ஆள் என்று எண்ணிக்கொண்டான். விழுந்த அன்றைய கூலியைப் பிடித்துக்கொள்வார்களா என்று இந்தியில் கேட்டான். கட்டடத் தொழிலாளர்க்கென்று 1996-இல் சட்டம் இயற்றப்பட்டதும், கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 1 பங்கு தீர்வையாகப் பெற்று நலநிதி சேர்க்கப்படுவதும் அவன் அறியாதவை. அந்த நிதியில் உறுப்பினராக 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். முந்தைய ஓராண்டில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அவன் வேலை செய்திருந்தான். அதற்குச் சான்று எழுதித்தருவார்தாம் எவருமில்லை. வேலையில் காயமுற்றோர்க்கு ஈடு தரவேண்டும் என்பது 1923-லேயே சட்டமான செய்தி. அதைச் சுட்டிக்காட்டிச் சங்கத்தின் பெயரால் நான் எழுதிய பிறகே, ஒப்பந்தக்காரர் மருத்துவச் செலவோடு ஒரு தொகையும் கொடுத்தார். அது போதியதென்று நான் சொல்லமாட்டேன்.

பின்னர்ச் சங்கக் கூட்டத்தில் என் பழைய கடிதத்தை நானே எடுத்துப் படித்தேன். பாதுகாப்புக்காக வேலை நிற்கும் நாள்களுக்குத் தண்டத்தொகை கேட்பதில்லை என்றும், மாத அறிக்கையில் தளக் கணக்கோடு பாதுகாப்புக் கணக்கும் வரவேண்டும் என்றும் தீர்மானம் கொண்டுவந்தேன். “நாம் பணக்காரர்களா? பொறுத்திருக்க நமக்கென்ன முடை இல்லையா?” என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவர் மகளின் திருமணம் புதுவீட்டை நம்பி நின்றது. 13 பேர் ஆதரித்தனர். 9 பேர் எதிர்த்தனர். தீர்மானம் நிறைவேறியது. அந்த 9 பேருள் இருவர் இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

வீடு நான்கு மாதம் தாமதமாயிற்று. 2024-இல் குடிபுகுந்தோம். என் தாயார் இருந்து விளக்கேற்றினார். அந்த இளைஞனுக்குச் செய்தி சொல்ல விரும்பி அழைத்தேன். அவன் தந்திருந்த எண் பயனில் இல்லை. ஊருக்குப் போனான் என்பதற்கு மேல் மேஸ்திரிக்கும் தெரியவில்லை.

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய பழைய கட்டடங்கள் இன்று இடிபட்டு எழுகின்றன. 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனைச் சட்டப்படி பதிவான வேலைகளின் முன்னேற்றத்தை, 3 மாதத்துக்கு ஒருமுறை நாம் இருந்த இடத்திலேயே பார்க்கலாம். ஆனால் குழிகள் மூடியுள்ளனவா, ஓரங்களில் தடுப்பு உண்டா, வலை கட்டியிருக்கிறதா, இடுப்புவாரை மாட்ட உறுதியான பிடிமானம் உண்டா, தொழிலாளர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பவற்றை நாமே போய்க் கேட்டால்தான் தெரியும். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. சட்டம் எதுவாயினும், வீட்டுக்கு உரியவன் கேட்கும் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. பணம் அவனை ஒட்டியே நகர்கிறது.

நம்முள் பலருடைய பெற்றோரும் ஒரு தகரப்பெட்டியுடன் இந்நகரில் வந்து இறங்கியவர்களே. நமக்கு வீடு கட்டுகிறவனும் அவ்வாறே வந்தவன். இப்போது எதிர்த்தெருவில் வேறொரு கட்டடம் எழுகிறது. என் தாயார் பால்கனியில் அமர்ந்து அதைப் பார்க்கிறார். எத்தனை தளம் என்று அவர் கேட்பதில்லை.

“வலை கட்டியிருக்காங்களாடா?” என்று கேட்கிறார்.