எடையில் வராத வேலை

சிதம்பரத்தில் நிலை, கதவு செய்யும் தச்சு நண்பர் ஒருவர், கடையில் வாங்கிய ஜி கிளாம்ப்புகளை மூலையில் போட்டுவிட்டு, கரடுமுரடான இரும்புச் சட்டம் ஒன்றால் தேக்குப் பலகைகளை இறுக்கிக்கொண்டிருந்தார். திருகு சுற்றியது, அதன் நுனியில் இருந்த தட்டு மட்டும் பலகையோடு ஒட்டி அசையாமல் நின்றது. அதைச் செய்த மேஸ்திரி கடலூர் முதுநகரில் இருக்கிறார் என்று வழி சொன்னார். அவர் பட்டறைக்குப் போனேன்.

திருகின் நுனி நேராக மரத்தில் பட்டால், இறுக்க இறுக்க மரத்தைக் குடையும். பலகையையும் தன்னோடு இழுத்து, பசை தடவிய விளிம்பை நகர்த்திவிடும். பரப்பு சரிவாக இருந்தால் ஓர் ஓரம் மட்டுமே பிடிக்கும். ஆகவே முனைத்தட்டு தனியே சுழல வேண்டும், கொஞ்சம் சாயவும் வேண்டும், கழன்று மட்டும் விழக்கூடாது. சட்டம் பெரிய காரியமில்லை. இரும்புப் பட்டையை 'ப' வடிவில் சேர்த்து, ஒரு காலில் நட்டைப் பற்றவைத்தால் முடிந்தது. அந்த வெல்டிங்கைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை.

"பால்ரஸ்ஸை போல்ட்டு நுனியில பத்தவச்சா என்ன, மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அதத்தான் செய்வாங்க சார். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒருநாள் இறுக்குறப்ப டப்புனு தனியா வந்துடும்."

பால்ரஸ் என்னும் பேரிங் குண்டு கரிச்சத்து மிகுந்த கடின எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடுகிறது. லாரியின் பழைய டை ராடு எண்டில் குண்டும் கிண்ணமும் தயாராகவே உண்டு. ஆனால் இந்த வேலைக்கு அது தடிமன்.

அவர் எடுப்பது நாலு நூல் போல்ட். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது பட்டறைக் கணக்கு. லேத்தில் நுனியை உருட்டி, அதன் பின்னால் கழுத்தை ஒடுக்குகிறார். இன்னொரு இரும்புத் துண்டில் குண்டு உட்காரும் அளவுக்குக் குழி கடைந்து, விளிம்பை மெல்லிசாக விடுகிறார். போல்ட்டைச் சட்டத்தின் நட்டில் ஏற்றிய பிறகே தட்டைப் பொருத்த வேண்டும். முன்பே பொருத்திவிட்டால் போல்ட் நட்டுக்குள் நுழையாது. கிரீஸ் வைத்து, குண்டைக் குழியில் இறக்கி, விளிம்பைச் சுற்றிலும் சுத்தியால் உள்பக்கமாக மடக்குகிறார். ஒரு தட்டு, விரலால் ஒரு சுழற்று, மறுபடி ஒரு தட்டு. ஓர் அடி கூடினால் பூட்டிக்கொள்ளும், ஓர் அடி குறைந்தால் கழன்றுவிடும். அளவுகோல் எதையும் அவர் தொடவில்லை. எனக்குப் பார்த்துச் சலிக்கவில்லை.

துறைமுகத்துப் பக்கம் மரப்படகுக்கு ஆணியும் போல்ட்டும் அடித்த பட்டறையில் சிறுவனாகச் சேர்ந்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. அவர் கற்ற தொழில் சுருங்கியது. கடன் வாங்கிப் பழைய லேத் ஒன்றைப் போட்டார். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் கொட்டகையின் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போக, லேத் மழையில் கிடந்து துருவேறியது. தானே கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தானே பூட்டினார். அந்தச் சமயத்தில் வந்த முதல் வேலை, பறந்துபோன கூரைகளுக்கான கொக்கி போல்ட்டுகள். "புயலே எனக்குப் புயல் கடனைக் கட்டுச்சு" என்று சிரிக்கிறார்.

இப்போது அவரிடம் கிளாம்ப் எடுப்பவர் ஒரு ஹார்டுவேர் வியாபாரி. கிரில் கேட்டுக்குப் போடுவதுபோல இதற்கும் கிலோ கணக்கில்தான் கூலி. வெறும் பட்டையும் வெல்டிங்குமான சட்டம் முக்கால்வாசி எடை. கைத்திறன் முழுக்க இருக்கும் அந்தக் குண்டும் கிண்ணமும் தராசு முள்ளை அசைப்பதில்லை. வியாபாரியோ அதே பொருளை உருப்படிக் கணக்கில், அதுவும் 'சுழல்கிறது பாருங்கள்' என்று தட்டைச் சுற்றிக் காட்டித்தான் விற்கிறார். வாங்கும்போது இரும்பு, விற்கும்போது வேலைப்பாடு. இது திருட்டு என்று சட்டம் சொல்லாது, நான் சொல்வேன். மூலதனம், கடை வாடகை, கடன் பாக்கி என்று வியாபாரிகளும் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் கழுத்து ஒடுக்கிய கை எங்கே?

தச்சு நண்பர் நேரடியாக உருப்படி விலை பேசிப் பார்த்திருக்கிறார். மேஸ்திரி ஒப்பவில்லை.

"நீங்க வருஷத்துக்கு நாலு வாங்குவீங்க. அவரு மாசாமாசம் எடுக்குறாரு. உங்களுக்குத் தனி விலைன்னு தெரிஞ்சா, அடுத்த லோடு இரும்பு கடனுக்குத் தர மாட்டாரு சார்."