கடல் கடந்த சமையல்

நாப்போலி நகரத்து உணவகமொன்றிலே அமரும் அமெரிக்கப் பயணியொருவர், தம் பாட்டியார் ஞாயிறுதோறும் ஆக்கிப் படைத்த பண்டத்தைக் கேட்கிறார் எனக் கொள்வோம். ஸ்பகெற்றியின் மேல் பெரிய இறைச்சி உருண்டைகள் இட்டு, தக்காளிக் குழம்பு ததும்ப ஊற்றிய பண்டம் அது. பரிமாறுபவர் புன்னகைத்து, அது இங்குள்ளவர்களின் உணவன்று, அமெரிக்கருடைய உணவு என்பார். பயணியின் பாட்டியாரோ அந்நகரை அடுத்த சிற்றூரொன்றிலே பிறந்தவர். அவர் கையால் ஆக்கியது இத்தாலிய உணவன்றெனின், அது யாருடைய உணவு?

இரு கரைகளின் சமையலுக்குமிடையே உண்மையான வேறுபாடு உண்டு. இத்தாலியரின் உணவு முறையிலே ஒவ்வொரு பண்டத்துக்கும் உரிய இடம் வகுக்கப்பட்டுள்ளது. பாஸ்ற்றா முதலிலே தனித்து வரும். அதன்பின் இறைச்சி அல்லது மீன். அதற்குத் துணையாகக் காய்கறி. குழம்பு பாஸ்ற்றாவைப் பற்றி நிற்குமேயன்றி அதனை மூழ்கடிப்பதில்லை. அமெரிக்க இத்தாலியரின் தட்டிலோ இவையாவும் ஒருங்கே கூடுகின்றன. உள்ளி மிகுகின்றது, பாற்கட்டி உருகி அனைத்தையும் மூடுகின்றது. கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளியும் பாற்கட்டியும் அடுக்கிச் சுடும் தென்னித்தாலியப் பண்டமாகிய பார்மிஜானா, அமெரிக்காவிலே கோழியிறைச்சிக்கு உரியதாயிற்று. உரோம் நகரத்து அல்பிரெடோ டி லெலியோ வெண்ணெயும் பார்மிசான் பாற்கட்டியும் மட்டுமே கலந்து படைத்த பெற்றுச்சீனே, அட்லாந்திக் கடலைக் கடந்ததும் பாலாடையிலே மிதக்கலாயிற்று. சொற்களும் தப்பவில்லை. இத்தாலிய மொழியிலே 'பெப்பெரோனி' என்பது குடைமிளகாயைக் குறிக்கும். அமெரிக்காவிலே பீற்சாவின் மேலிடும் காரமான இறைச்சித் துண்டு அப்பெயரைப் பெற்றுள்ளது.

இவ்வேறுபாட்டை நாவின் குறைபாடாகக் காண்பார் பலர். வரலாற்றை நோக்குமிடத்து வேறொரு காரணம் புலப்படுகின்றது. 1880இற்கும் 1920இற்கும் இடையே ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் கம்பானியா, கலாபிரியா, சிசிலி முதலிய தென்பகுதிகளின் வறிய உழவர்கள். அவர்கள் விளைத்த கோதுமையின் பெரும்பங்கு நிலக்கிழாருக்குச் சென்றது. கரும்ரொட்டியும் அவரையினங்களும் காட்டுக்கீரையும் அவர்களுக்கு எஞ்சின. இறைச்சி திருநாட்களுக்கு உரியது. பலருக்கு அன்றும் அரிது. வடபகுதியிலோ சோளக்களியையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெலக்ரா என்னும் நோய்க்கு இரையாயினர். இன்று உலகம் போற்றும் இத்தாலியச் சமையலைச் சமைத்தறியாத அடுப்புகள் அந்நாட்டிலே அன்று எண்ணிறந்தன.

இம்மக்கள் நியூயோர்க்கிலும் பிலடெல்பியாவிலும் தெரு வெட்டியும் கல் சுமந்தும் ஆடை தைத்தும் கூலி பெற்றபோது, அக்கூலி இறைச்சி வாங்கப் போதுமானதாயிற்று. நாப்போலியிலே இறைச்சியைத் தக்காளியில் நெடுநேரம் வேகவைத்து, அக்குழம்பைப் பாஸ்ற்றாவுக்கு இட்டு, இறைச்சியை அடுத்த பரிமாறலுக்கு வைத்துக்கொள்வது விழாநாள் வழக்கம். அமெரிக்காவிலே அவ்விழாநாள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தது. பிரித்துப் பரிமாறப்பட்டவை ஒரே தட்டிலே சேர்ந்தன, உருண்டைகள் பருத்தன. பழைய ஊரின் வளமான வீடுகளைப் பார்த்து ஏங்கியவர்கள், அவ்வேக்கத்தைத் தம் பிள்ளைகளின் தட்டிலே நிறைத்தார்கள் எனலாம்.

ஆயினும் அவ்வுணவுக்கு மதிப்பு எளிதிலே கிட்டவில்லை. குடியேறியவரின் நலம் பேண வந்த சமூகப் பணியாளரும் மனையியல் அறிஞரும், உள்ளியும் காரமும் கலந்த அச்சமையலைக் கைவிடுமாறு அறிவுறுத்தினர். பின்னர் நிலைமை மாறிற்று. பியாசென்சாவிலிருந்து 1914இல் அமெரிக்கா சேர்ந்த எற்றோரே போயார்டி, 1924இல் கிளீவ்லாந்து நகரிலே உணவகம் திறந்தார். அவர் ஆக்கிய குழம்பைப் பாற்போத்தல்களிலே வாடிக்கையாளர் வீட்டுக்கு வாங்கிச் சென்றனர். அதுவே பின்னர் தகரப் பேணியில் அடைபட்டு நாடெங்கும் பரவிற்று. பரவியபோது பருவத்துக்கேற்ற காய்கறியும், ஊருக்கு ஊர் வேறுபட்ட சுவையும் மங்கின என்பதையும் மறைத்தல் ஆகாது. 1996இல் வெளியான 'பிக் நைற்' என்னும் திரைப்படம் இவ்விழப்பையே பொருளாகக் கொண்டது. அரிசியால் ஆக்கிய ரிசோற்றோவுக்குத் துணையாக ஸ்பகெற்றி கேட்கும் வாடிக்கையாளரைக் கண்டு, அதில் வரும் இத்தாலியச் சமையற்காரர் கொதிக்கிறார். அவரது உணவகம் ஆளின்றி இருக்க, அயலிலுள்ள கடை நிரம்பி வழிகின்றது. அவருடைய கோபத்தில் நியாயமில்லையெனக் கூறவியலாது.

எனினும் 'உண்மையான இத்தாலிய உணவு' என்பதும் மாறாத கல்வெட்டன்று. இத்தாலி ஓர் அரசாகியதே 1861இலாகும். பல்வேறு பகுதிகளின் சமையலை நாட்டினர் அனைவர்க்கும் பொதுவாக்கிய பெல்லெகிரினோ அர்த்தூசியின் நூல் 1891இல்தான் வெளிவந்தது. தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. தக்காளிச் சாற்றின் செய்முறை 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் நாப்போலியில் அச்சேறிற்று. பொலோஞ்ஞா நகரத்தார் தம் புகழ்பெற்ற இறைச்சிக் குழம்பின் செய்முறையை 1982இல் வணிகக் கழகத்திலே பதிவு செய்தனர். 2023இல் அதனைத் தாமே திருத்தியும் கொண்டனர். நாட்டிலிருந்தோர் மாற்றினால் அது வளர்ச்சி, கடல் கடந்தோர் மாற்றினால் அது சிதைவு என்பது எங்ஙனம் பொருந்தும்?

இரண்டையும் ஒன்றென மயங்குதல் வேண்டுவதில்லை. பொலோஞ்ஞாவின் அடுப்பிலே அளவறிந்த நிதானம் இருக்கின்றது. அது நெடுங்காலப் பயிற்சியின் பேறு. புலம்பெயர்ந்தோர் அடுப்பிலோ பசி நீங்கிய மனிதரின் தாராளம் இருக்கின்றது. முன்னதைக் கற்றுக்கொள்ளலாம். பின்னதை எள்ளுவோர், அதை ஆக்கியவர் எதிலிருந்து தப்பி வந்தார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும். நாப்போலி உணவகத்துப் பயணிக்குக் கிடைத்த மறுமொழி பிழையன்று, ஆனால் முழுமையுமன்று. அவருடைய பாட்டியார் பிறந்த ஊரிலே அப்பண்டம் இல்லாதிருந்ததற்கு, அவ்வூரார் சுவையறிந்தவர் என்பது மட்டுமே காரணமன்று. அவ்வளவு இறைச்சி அங்கு யாரிடமும் இருக்கவில்லை.