கோக்குராவில் சொன்ன பொய்

மதத்தின் பெயரைச் சொல்லி நான் ஒரு பொய் சொன்னேன். சொன்ன இடம், ஜப்பானில் கியூஷு தீவின் வடக்கு முனையில் இருக்கும் கோக்குராவில் ஒரு சின்ன மதுக்கடை. கேட்டவர்கள் அதற்கு முன் என்னைப் பார்த்திராதவர்கள். என் சொல்லை அப்படியே நம்பி, எனக்காக அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது.

அந்த வகைக் கடைகளை அங்கே காகுஉச்சி என்கிறார்கள். பாட்டில் பாட்டிலாக மது விற்கிற சில்லறைக் கடைதான். ஓரமாக ஒரு பலகையோ பழைய பீர்ப் பெட்டிகளோ கிடக்கும். வாங்கியதை அங்கேயே திறந்து, நின்றபடி குடித்துவிட்டுப் போகலாம். விலையும் கடை விலைதான், பக்கத்தில் நிற்க இடம் கொடுத்ததற்கென்று தனிக்காசு கிடையாது. தொட்டுக்கொள்ள டின் மீன், காய்ந்த கணவாய், வேர்க்கடலை. 1901இல் யஹாட்டா இரும்பாலை ஓடத் தொடங்கியபின் இந்த வழக்கம் இந்தப் பக்கம் வேரூன்றியது. இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வெளியே வருகிறவனுக்கு இஸகாயா என்கிற குடியகம் எதுவும் திறந்திருக்காது, மதுக்கடை திறந்திருக்கும். 1963இல் யஹாட்டா, கோக்குரா உள்ளிட்ட ஐந்து நகரங்கள் சேர்ந்து கிட்டாக்கியூஷு ஆயின. ஆலையில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் இந்தக் கடைகள் பல இன்னும் இருக்கின்றன. புதிதாக ஒருவர் உள்ளே வந்தால், நிற்பவர்கள் பேச்சை நிறுத்தாமலே ஒருக்களித்துத் திரும்பி இடம் கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். தட்டில் இருந்தது நுகாடாக்கி, கோக்குராவின் சொந்தச் சமையல். அரிசித் தவிடும் உப்பும் கலந்து புளிக்கவைத்த ஊறுகாய்க் கலவை அங்கே பல வீடுகளில் உண்டு. தினமும் கைவிட்டுக் கிளறுவார்கள். பாட்டி வைத்ததைப் பேத்தி கிளறிக்கொண்டிருப்பதும் உண்டு. வெள்ளரி, கத்தரி, முள்ளங்கியை அதில் புதைத்து எடுப்பது போக, சோயா, சர்க்கரை, இஞ்சியோடு மீன் வேகும்போது அந்தத் தவிட்டிலும் ஒரு பிடி போட்டு, சிறுதீயில் முள் கரையும்வரை விடுவார்கள். கறுத்து, எண்ணெய் மினுங்க, தவிடு அப்பிக்கொண்டு இருந்தது அந்த மீன். மத்தி. எங்கள் தூத்துக்குடியில் சாளை.

நான் பிறந்தது சாளைக் குழம்பு கொதிக்கிற வீட்டில். வேறு மீன் வாங்கக் காசில்லாத நாட்களில் எங்களைக் காப்பாற்றியது அதுதான். பிறகு படிப்பு, வேலை, சென்னையில் அடுக்குமாடி வீடு. சாளை வாடை அக்கம்பக்கத்துக்குப் போகக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திய நாட்கள் வந்தன. அப்புறம் வாங்குவதையே விட்டுவிட்டேன். டோக்கியோவில் ஒரு சுஷிக் கடைக் கவுண்டரில் உட்கார்ந்து பச்சைச் சூரையைப் பெருமையாகத் தின்றவன் நான். அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியவன். கோக்குராவில், உழைத்துக் காய்த்த ஒரு கை நீட்டிய மலிவான மீனைக் கண்டதும் எனக்குள் ஏதோ பின்வாங்கியது. அறியாத உணவு என்ற அச்சம் இல்லை. நன்றாக அறிந்த உணவு. நான் விட்டுவிட்டு ஓடிவந்த அடுப்படியின் வாடை அது.

'பிடிக்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம், யாரும் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள். நான் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். ஜப்பானில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், சைவம் சாப்பிடுகிற தன் உறவினர்களுக்காக ஜப்பானிய மொழியில் எழுதிவைத்தது. 'என் மதத்தின்படி இறைச்சி, மீன், மீனில் எடுத்த தாஷிச் சாறு எதையும் நான் உண்பதில்லை.' எதற்கும் இருக்கட்டும் என்று எனக்கும் ஒன்று கொடுத்திருந்தார். ஜப்பானில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது உயிர்நாடி. சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டைபோல் உலர்த்திச் சீவி எடுக்கிற கட்ஸுஒபுஷி, சூப்பிலிருந்து காய்கறிக் கூட்டுவரை எதிலும் இறங்கியிருக்கும். மாசிக் கருவாட்டின் வாசம் தெரிந்த நமக்கு அது சட்டென்று பிடிபடும், இரண்டும் ஒரே மீன். உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கான அந்த அட்டையை, நான் என் கூச்சத்தை மறைக்க நீட்டினேன்.

பெரியவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணருகே வைத்துப் படித்தார். தட்டை உடனே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு, அவர் என்னிடம்! அடுத்து நின்றவர் தன் கணவாயைக் காகிதத்தில் சுற்றிப் பலகையின் மறுகோடிக்கு நகர்த்தினார். கடைக்கார அம்மா அலமாரியிலிருந்து பொட்டலம் பொட்டலமாக இறக்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கத் தொடங்கினார். அரிசி முறுக்கில் கட்ஸுஒபுஷிச் சாறு இருந்தது. சிப்ஸில் கோழி. மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு படித்து, ஒவ்வொன்றையும் எனக்குக் கையாட்டி விலக்கினார்கள். கடைசியில் அம்மா உள்ளே போய்த் தன் வீட்டுச் சோற்றை உப்பு மட்டும் தொட்டு உருண்டையாகப் பிடித்து வந்தார். அதைச் சாப்பிட்டு, சூடாக்கிய சாக்கே ஒரு கண்ணாடிக் குவளை குடித்தேன். இந்தியாவில் எந்தக் கோயில், என்ன சாமி என்று கேட்டார்கள். ஊர்ப் பெருமாள் கோயிலைப் பற்றிச் சொன்னேன். அதுவரைக்கும் பொய்யை இழுத்தேன்.

மறுநாள் காலை தாங்கா சந்தைக்குப் போனேன். 2022இல் ஏப்ரலிலும் ஆகஸ்டிலுமாக இரண்டு தீ விபத்துகளில் ஒரு பகுதி கருகிய சந்தை. நுகாடாக்கிக் கடைகளில் அந்தக் கறுப்பு மீனை அடுக்கி வைத்திருந்தார்கள். தெரிந்தவர் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு பொட்டலம் வாங்கி, அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டேன். இனிப்பும் இஞ்சியுமாகத் தொடங்கி, பின்னால் ஒரு புளிப்பு வந்தது. நேற்றைய குழம்பை மறுநாள் சுண்டவைத்தால் வருகிற புளிப்பு. முள் நாக்கிலேயே மசிந்தது. அவர் நீட்டிய தட்டிலேயே இதைச் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு பேசியிருக்கலாம். எங்கள் கடற்கரை, எங்கள் அம்மா சாளை ஆய்கிற விதம், எங்கள் ஊரிலும் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள். அந்தப் பேச்சையெல்லாம் நானே அடைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுவதென்று மாலையில் மறுபடி கடைக்குப் போனேன். அம்மா என்னைக் கண்டதும் ஒரு மூடிபோட்ட கிண்ணத்தை எடுத்து வைத்தார். கொம்பு என்கிற கடற்பாசியை மட்டும் ஊறவைத்து எடுத்த தாஷியில் முள்ளங்கியை வேகவைத்திருந்தார். நான் வருவேனா என்றே அவருக்குத் தெரியாது. பெரியவர் அன்று வேர்க்கடலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார், மீன் இல்லை. நான் முள்ளங்கியைச் சாப்பிட்டேன், நன்றி சொன்னேன், வெளியே வந்தேன். சொல்லவில்லை.

முதல் நாள் பொய்யைவிட இந்த இரண்டாம் நாள் மௌனம்தான் பெரிய குற்றம் என்று நினைக்கிறேன். முதல் நாள் பதற்றம் என்று ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் நாள் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அட்டை கொடுத்த அதே நண்பர்தான் ஜப்பானிய மொழியில் பெயர்த்துத் தருகிறார். மீன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் இருந்தது, அதைச் சொல்லத் தெரியாமல் அட்டையைக் காட்டிவிட்டேன் என்று மாற்றிவிடலாமா, அவர்களுக்கும் சங்கடம் இருக்காது என்று கேட்டார். வேண்டாம், நான் சாளை தின்று வளர்ந்தவன் என்று எழுதியதை அப்படியே பெயர்த்துக் கொடுங்கள் என்றேன்.